இடது கால் மட்டும்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு யக்ஞநாராயணன் முடிச்சூர் வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்தார். கையில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் பழைய செய்தித்தாள் சுற்றிய எட்டு டஜன் கண்ணாடி வளையல்.

வாசலில் ஜெயவேலுவின் ஆட்டோ நின்றிருந்தது.

"இன்னா சார், பட்டு வேட்டிலாம் தூள் பறக்குது? யாருக்குக் கண்ணாலம்?"

"ரோஹிணிக்கு வளைகாப்பு."

"நம்ம சின்னப் பொண்ணுக்கா? சொல்லவே இல்ல பாத்தியா சார். பொட்டில வளையலா கீது? அப்போ பள்ளம் பாத்துதான் வுடணும். இந்த ரோட்ல பள்ளத்த வுட்டா வேற இன்னா கீது?"

ஆட்டோ கிளம்பியது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். தாம்பரம் மேம்பாலத்தில் ஏறும்போது வளையல்கள் ஒன்றோடொன்று உரசிச் சின்னதாகச் சத்தம் போட்டன. பெண்ணின் அம்மா கொண்டுபோக வேண்டிய சீர். மனைவி அபிதகுஜாம்பாள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வளையல் கடையில் அளவு கேட்டபோது, மகளின் மணிக்கட்டு எத்தனை பெரிது என்று தெரியாமல், தன் கை விரல்களைக் குவித்துக் காட்டி வாங்கி வந்திருந்தார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் புகுந்த வீட்டில் இருக்கும் ரோஹிணிக்கு இது ஏழாம் மாதம். பத்து நாளைக்கு முன் பரிசோதனைக்குப் போனபோது, டாக்டர் ஜெனி அவள் கெண்டைக்கால்களைப் பார்த்தார். நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. தொடைவரை ஏறும் இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்சு கட்டியாகி இருக்கா? பிரசவத்துல யாராவது தவறினாங்களா?"

ரோஹிணி வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த மாமியார் சியாமளா பதில் சொன்னாள். "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர். இவ அக்கா மிருதுளான்னு ஒருத்தி இருந்தா. பாவம், பிரசவமாகிப் பன்னண்டாம் நாள் டெங்குல போயிட்டா. அந்த வெள்ளத்தப்போ."

டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ரோஹிணி பேச்சோடு பேச்சாக இதைத் தொலைபேசியில் சொன்னாள். யக்ஞநாராயணன் "சரிம்மா" என்றார். வேறென்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

மிருதுளா டெங்குவில் போகவில்லை. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் புறப்பட்டிருந்தார். விசேஷம் நல்லபடியாக முடியட்டும், வந்தவர்கள் சாப்பிட்டுக் கலையட்டும், மாப்பிள்ளை கேஷவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். சுமங்கலிகள் கூடும் நாளில், வயிற்றுப்பிள்ளைக்காரியின் காதில், பிள்ளை பெற்றுச் செத்தவளின் கதையைப் போடுவார்களா?

இப்படி ஒரு நியாயம் எல்லா நாளைக்கும் அவரிடம் இருந்தது. பத்து வருஷமாக.

*

மூன்றாம் மாடி. வாசலில் குவியல் குவியலாகச் செருப்பு. உள்ளே பட்டுப்புடவையும் மல்லிகையும் காபி வாசனையுமாக ஒரே கூட்டம்.

"வாங்கோ மாமா, வாங்கோ" என்று சியாமளா பெட்டியை வாங்கிக்கொண்டாள். நல்ல மாதிரி. வாய் கொஞ்சம் நீளம். கையும் அதே அளவுக்குத் தாராளம். "கால் அலம்பிண்டு வாங்கோ. காபி சூடா இருக்கு."

குளியலறையில் கால் அலம்பும்போது அவர் பார்த்தார். கொடியில் தோல் நிறத்தில் இரண்டு நீளக் காலுறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஈரம்கூட இல்லை. துவைத்துக் காயப் போட்டவை அல்ல, கழற்றிப் போட்டவை.

வெளியே வந்து தணிந்த குரலில் கேட்டார். "மாமி, ரோஹிணி அந்தக் காலுறையைப் போட்டுக்கலையா?"

"நலங்கு வைக்கணுமே மாமா. மஞ்சளைச் சாக்ஸ் மேலயா பூசறது? குளிக்கும்போது கழட்டலாம்னு டாக்டரே சொல்லியிருக்கா. இன்னிக்குக் கொஞ்சம் நீளமான குளியல்னு வெச்சுக்கோங்கோ."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கிற மாதிரி உதட்டை வைத்துக்கொண்டார்.

கூடத்தின் நடுவே கோலம் போட்ட பலகையில் ரோஹிணி உட்கார்ந்திருந்தாள். கறுப்புப் புடவை, சிவப்புக் கரை. கால்களை மடக்கிக்கொண்டு, முதுகுக்கு ஒரு தலையணையும் இல்லாமல். அப்பாவைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தி, 'வந்துட்டியா' என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். அதற்குள் யாரோ ஒரு பெண்மணி குறுக்கே வந்து குங்குமம் இட்டாள்.

மனைவியை இழந்தவருக்கு வளைகாப்பில் வேலை கிடையாது. யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் நிற்கிற இடமெல்லாம் யாருக்கோ வழியாக இருந்தது. நகர்ந்து நகர்ந்து கடைசியில் பால்கனிக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், முந்தின நாள் பேப்பரும், கயிற்றில் கட்டிய இரண்டு துளசித் தொட்டிகளும் இருந்தன. கீழே வேளச்சேரி சாலையில் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன.

ஒன்பதரைக்கு வேப்பிலைக் காப்பு போட்டார்கள். அபிதா இருந்திருந்தால் அவள் போட வேண்டியது. கேஷவின் பெரியம்மா போட்டாள். பாட்டுக் கேட்டது. பத்தரைக்கு ஒரு கூட்டம் வந்தது. பதினொன்றே காலுக்கு இன்னொரு கூட்டம், கேஷவின் அலுவலக நண்பர்களின் மனைவிகள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மறுபடி சந்தனம், மறுபடி வளையல், மறுபடி புகைப்படம். யக்ஞநாராயணன் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். ரோஹிணி பலகையை விட்டு எழுந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

"மெள்ள, மெள்ள" என்று யாரோ சொல்வது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அவளே பால்கனிக்கு வந்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல். அவர் வாங்கி வந்தவை கொஞ்சம் பெரிதாக, கடைசியில் தளர்ந்து தொங்கின.

"ஏம்பா இங்க தனியா உக்காந்திண்டிருக்கே?"

"காத்து வரது."

"பஸ் புகைதான் வரது. பொய் சொல்லாதே. சாப்டியா?"

"ஆகட்டும். நீ ஏன் காலைச் சாய்ச்சு நடக்கறே?"

"ஒரே இடத்துல உக்காந்தேனா, மரத்துப் போச்சு. வலது கால் சரியாயிடுத்து. இடதுதான் என்னமோ பண்றது. கெண்டைக்கால்ல ஒரு முடிச்சு உக்காந்திண்டு கீழே இழுக்கற மாதிரி."

"இடது கால் மட்டுமா?"

"ம்."

புடவை விளிம்பைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். வலது காலில் கொலுசு தளர்வாகக் கிடந்தது. இடது காலில் அதே கொலுசு தோலில் பதிந்து, அதன் மேலும் கீழும் சதை பிதுங்கியிருந்தது.

அவர் கையில் இருந்த பேப்பரை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"ரோஹிணி, நீ..."

"ரோஹிணி!" உள்ளேயிருந்து சியாமளா கூப்பிட்டாள். "இங்க வாடி கண்ணா. படுத்துக்கோ."

அவள் போனாள். அவர் நாற்காலியிலேயே இருந்தார். மாப்பிள்ளை பந்தியில் பாயசம் விசாரித்துக்கொண்டிருந்தான். இன்னும் அரை மணியில் கூட்டம் கலைந்துவிடும். அரை மணிதானே.

அப்போது அந்த வாசனை வந்தது. காய்ந்த நல்லெண்ணெய். அதில் கொஞ்சம் ஓமம் பொரிந்த வாசனை.

*

அந்த வருஷம் டிசம்பர் மாதம் முடிச்சூரில் தண்ணீர் ஜன்னல் உயரம் நின்றது. ஆபரேஷன் செய்து குழந்தை பெற்றுப் பத்து நாளான மிருதுளாவை மாடி அறைக்கு ஏற்றினார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. ரோஹிணி திருச்சியில் கல்லூரி விடுதியில். மாப்பிள்ளை ராகவேந்திரா பெங்களூரில். ரயில்கள் எல்லாம் நின்றுவிட்டன. மாடியில் கணவன், மனைவி, பெண், பேத்தி. நாலு பேர்.

"பச்சை உடம்பு, அசையாதே" என்று அபிதா சொல்லிக்கொண்டே இருந்தாள். மிருதுளாவும் அசையாமல் படுத்திருந்தாள்.

இரண்டாம் நாள் இடது கால் வாழைத்தண்டு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் விடிந்ததும் அபிதா மாடிக்குத் தூக்கி வந்த சின்ன அடுப்பில் எண்ணெய் காய்ச்சினாள். ஓமம் போட்டாள். மகளின் காலை மடியில் வைத்துக்கொண்டு, கணுக்காலிலிருந்து தொடைவரை, மேல்நோக்கி, ஒரு மணி நேரம் நீவினாள்.

"அம்மா கை பட்டாலே சுகமா இருக்கு" என்றாள் மிருதுளா.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் இருக்கும். "மூச்சு முட்டறதுப்பா" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

படகு கிடைத்தது. ஒரு சின்ன மருத்துவமனையும் கிடைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத இளம் டாக்டர் ஒருவர் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னார். "கால்ல உண்டான ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைச்சிருக்கு சார். சில குடும்பத்துல ரத்தம் சீக்கிரம் உறையற தன்மை இருக்கும். உங்களுக்கு இன்னொரு பொண்ணு இருந்தா, அவங்களுக்கும் டெஸ்ட் பண்ணிடுங்க. கால யாராவது நீவினாங்களா?"

"ஆமாம்."

"நீவியிருக்கக் கூடாது. அதனாலதான்னும் சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது."

வெளியே பெஞ்சில் அபிதா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏன்னா, என்னவாம்?" என்று கேட்டாள். அவள் கையில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"விஷ ஜுரமாம்" என்றார். "டெங்குவாம்."

அவ்வளவுதான். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. அபிதா அதை நம்பினாள். இரண்டு நாள் கழித்து வந்த ராகவேந்திராவிடம் அவள்தான் சொன்னாள். ரோஹிணியிடம் சொன்னாள். பெண் பார்க்க வந்த சியாமளாவிடமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். தன் பொய்யை மனைவி உண்மையாகச் சொல்லிக்கொண்டே போவதை அவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரோஹிணிக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றால் ஏன் என்று அபிதா கேட்பாள். அதனால் அதுவும் நின்றது. அவள் சாகும்வரை அவளுக்குத் தெரியாது. அவள் போனபின் சொல்லியிருக்கலாம். அப்போது சொல்வதற்கு வீட்டில் ஆளில்லை.

*

யக்ஞநாராயணன் எழுந்தார். கூடத்தைத் தாண்டி, பெண்கள் மட்டும் இருந்த படுக்கையறைக்குள் போனார்.

ரோஹிணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். சியாமளா தரையில் சம்மணமிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். "கேஷவ் வயத்துல இருக்கறச்சே எனக்கும் இப்படித்தான். எங்கம்மா நீவி நீவியே என்னை நடக்க வெச்சா" என்று சொல்லியபடி அந்த இடது காலை எடுத்து மடியில் வைக்கப் போனாள்.

"தொடாதேங்கோ மாமி."

குரல் உயரவில்லை. ஆனாலும் அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன மாமா?"

"அந்தக் காலை நீவக் கூடாது. மிருதுளாவுக்கும் இப்படித்தான் இருந்தது. ஒரு கால் மட்டும்."

"அவ ஜுரத்துலன்னா போனா?"

"இல்லை. கால்ல ரத்தம் உறைஞ்சு, நெஞ்சுக்குப் போய் அடைச்சுடுத்து. குடும்பத்துல வரும்னு அன்னிக்கே டாக்டர் சொன்னார். ரோஹிணிக்கும் பாக்கச் சொன்னார். நான் பாக்கலை."

சியாமளா எண்ணெய்க் கையைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி எழுந்தாள்.

"அப்போ எங்களண்ட ஏன் டெங்குன்னேள்? உங்க ஆத்துக்காரி எங்காத்துச் சோபாவுல உக்காந்து அழுதாளே. அதெல்லாம் என்ன?"

"அவளுக்குத் தெரியாது. மறைச்சது நான்தான்."

"அதான் கேக்கறேன், ஏன்? ரத்தத்துல கோளாறுன்னா பொண்ணுக்கு இடம் அமையாதுன்னா?"

பதில் அவர் வாய்வரை வந்தது. அந்தப் பதிலில் அபிதாவின் கை இருந்தது. இத்தனை பேர் முன்னால், இன்னும் சாதம் பரிமாறிக்கொண்டிருக்கும் வீட்டில், அதை எடுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை.

"மறைச்சேன் மாமி" என்றார் மறுபடி.

"நன்னா இருக்கு. நான்வேற போய் டாக்டர்கிட்ட ஒண்ணுமில்லைன்னு சாட்சி சொல்லிட்டு வந்தேன். என்னையும்னா பொய்க்காரி ஆக்கிட்டேள்?"

கேஷவ் பாயச வாளியோடு வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. வாளியைக் கீழே வைத்தான்.

"அம்மா, அப்புறம் பேசலாம். மாமா, இப்ப என்ன பண்ணணும்?"

"ஜெனி டாக்டர்கிட்ட போகணும். இப்பவே."

ரோஹிணி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் தெரிந்தவர் என்று நினைத்துக் கிட்டே போய், இல்லை என்று தெரிந்தபின் பார்ப்பதுபோல.

*

கேஷவின் காரை முன்னும் பின்னும் விருந்தாளிகளின் கார்கள் அடைத்திருந்தன. அவரைத் திரும்ப அழைத்துப்போகக் காத்திருந்த ஜெயவேலு, கீழ்த்தளத்தில் பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்திருந்தான்.

"ஜெயவேலு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவன் இலையைப் பார்த்தான், ரோஹிணியின் நடையைப் பார்த்தான். "அப்பளம் கூட ஒடைக்கல சார். பரவால்ல, ஏறு தாயி" என்று கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். அதற்குப் பிறகு தாம்பரம்வரை அவன் வாய் திறக்கவில்லை. அது அவன் வழக்கமே அல்ல.

ரோஹிணியும் கேஷவும் பின்னால். யக்ஞநாராயணன் ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு வெளியே. வேகத்தடை வரும்போதெல்லாம் பின்னால் வளையல்கள் குலுங்கின. சத்தம் கேட்கும்வரை மூச்சு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். அப்படி எண்ணியதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமையானாலும் டாக்டர் ஜெனி பிரசவ அறையில் இருந்தார். வெளியே வந்து காலைப் பார்த்தார், அளவு நாடாவை இரண்டு கால்களிலும் சுற்றினார். இடது கால் மூன்று சென்டிமீட்டர் கூடுதல். "நடக்க வேணாம்மா. வீல்சேர்ல உக்காருங்க. ஸ்கேன் எடுக்கலாம்" என்று கேஷவோடு அனுப்பிவிட்டு, யக்ஞநாராயணனிடம் திரும்பினார்.

"சொல்லுங்க சார்."

அவர் சொன்னார். தேதி, ஆபரேஷன், படுக்கை, வீங்கிய கால், எண்ணெய், மூச்சு முட்டல், அந்த இளம் டாக்டர் சொன்ன வார்த்தை. ஒன்றையும் விடவில்லை. ஜெனி எழுதிக்கொண்டே வந்தார். 'இல்லை' என்று முன்பு எழுதிய இடத்தில் ஒரு கோடு கிழித்தார்.

"பத்து நாளைக்கு முன்னாடி இது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ரத்த டெஸ்ட் எழுதியிருப்பேன் சார்" என்றார். திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

ஸ்கேன் முடிய முக்கால் மணி ஆனது.

"கட்டி இருக்கு" என்றார் ஜெனி, கேஷவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "வெளிய சுருண்டு தெரியுதே, அந்த நரம்பு இல்ல. அது நிறைய பேருக்கு வரும், குழந்தை பிறந்தப்புறம் குறையும். இது உள்ள, முழங்காலுக்கு மேல போற பெரிய ரத்தக்குழாய். நுரையீரலுக்குப் போன மாதிரி அறிகுறி இப்ப எதுவும் இல்ல. மூச்சு நல்லா இருக்கு. ரத்தம் உறையாம இருக்க ஊசி இப்பவே ஆரம்பிக்கிறோம். வயித்துத் தோல்ல போடறது, தினமும். பிரசவம்வரைக்கும் போடணும், அதுக்கப்புறமும் சில வாரம். அந்த மருந்து குழந்தைகிட்ட போகாது. இன்னிக்கு இங்கயே இருக்கட்டும்."

"ஆபத்து இருக்கா டாக்டர்?" என்றான் கேஷவ்.

"இருக்கு. அதுக்குத்தான் ஊசி. நீவாம நேரா இங்க கூட்டிட்டு வந்தீங்களே, அது நல்லது." எழுந்தவர் நின்றார். "சார், உங்க மூத்த பொண்ணுக்குப் பொறந்த குழந்தை?"

"பெண் குழந்தை. ஹர்ஷா. பத்து வயசு. காட்டாங்குளத்தூர்ல அவ அப்பாகிட்ட இருக்கா. அவர் அங்கே காலேஜ்ல வேலை பாக்கறார். மறுபடி கல்யாணம் பண்ணிண்டார்."

"அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"தெரியணும். இப்ப அந்தக் குழந்தைக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா நாளைக்கு ஒரு ஆபரேஷன்னா, ஒரு ஹார்மோன் மாத்திரைன்னா, கல்யாணம் குழந்தைன்னா, அவளைப் பாக்கற டாக்டருக்குத் தெரியணும். நீங்க சொல்லுங்க."

*

ஊசி போட்டபின் ரோஹிணியை வார்டில் படுக்க வைத்தார்கள். கேஷவ் மருந்துக் கடைக்குப் போனான். யக்ஞநாராயணன் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நர்ஸ் ஒருத்தி வந்து வளையல்களைக் கழற்றச் சொன்னாள். "வேண்டாம்" என்றாள் ரோஹிணி. "இந்தக் கையில மட்டும் கழட்டிக்கறேன். அது போதுமா?"

நர்ஸ் போனதும், முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "அம்மா என்ன நினைச்சிண்டு போனா?"

"ஜுரம்னுதான்."

"என்கிட்டயும் ஏம்பா சொல்லலை? நான் ரெண்டு வருஷமா உன்னோட தினம் போன்ல பேசறேன். சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னுகூடச் சொல்றே."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். மாடி அறை, அடுப்பு, ஓமம், மடியில் வைத்த கால், 'அம்மா கை பட்டாலே சுகமா இருக்கு', டாக்டரின் கேள்வி, பெஞ்சில் பிசுக்கான கை. சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. பத்து வருஷமாகச் சுமந்தது ஐந்து நிமிஷத்துக்குத்தான் இருந்தது.

ரோஹிணியின் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"உங்களுக்கு அம்மாவைக் காப்பாத்தணும்னு இருந்தது" என்றாள். ஒருமையில் பேசுகிறவள் பன்மைக்கு மாறியது அவருக்கு உறைத்தது. "அக்கா எதனால போனான்னு தெரிஞ்சு யாரும் அழக்கூட முடியலை. ஏதோ கொசு கடிச்சுச் செத்துப் போனான்னு நான் முனிசிபாலிட்டியைத் திட்டிண்டு இருந்தேன்."

"தப்புதான்மா."

"மாமியார் என்ன நினைச்சிண்டிருக்கா தெரியுமா? கல்யாணத்துக்காக மறைச்சேள்னு."

"நினைச்சுக்கட்டும். கேஷவ்கிட்டயும் அப்படியே இருக்கட்டும். உங்கம்மா பேரு வெளிய வர வேண்டாம். நீ சொல்லிடாதே."

அவள் இப்போதுதான் முகத்தைத் திருப்பினாள்.

"மறுபடியுமா?"

அவள் கழற்றி வைத்த வளையல்களை அவர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"நான் சொல்லப் போறேன். கேஷவ்கிட்டயும் மாமியார்கிட்டயும். அம்மா காலை நீவினது தப்பில்லை, அவளுக்குத் தெரியாது. இன்னிக்கு மாமியாரும் அதைத்தான் பண்ண வந்தா. அவளுக்கும் தெரியாது. தெரிஞ்சது ஒருத்தருக்குத்தான்." தன் போனை எடுத்து நீட்டினாள். "நீ போய் அத்திம்பேர்கிட்ட பேசு, ஹர்ஷா விஷயமா. நம்பர் என் போன்ல இருக்கு. நான் பேச மாட்டேன்."

'நீ' என்றாளே, அதுவே போதும் என்று எழுந்தார்.

*

மாலை ஐந்தரை. மருத்துவமனை வாசலில் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு சிமெண்டுத் திட்டு. அங்கே போய் நின்றுகொண்டார். எதிரே ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு பேருந்து ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. காட்டாங்குளத்தூருக்கு அதில் ஏறினால் முக்கால் மணி நேரம். ஆறு வருஷமாக ஒரு தடவைகூட ஏறியதில்லை. அங்கே புதிதாக ஒரு குடும்பம் உண்டாகியிருக்கிறது, குறுக்கே போய் நிற்க வேண்டாம் என்றுதான் அவரும் அபிதாவும் பேசி வைத்துக்கொண்டார்கள். அபிதா கடைசியாகப் பேத்தியைப் பார்த்தபோது அவளுக்கு நாலு வயது.

எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. ராகவேந்திராவிடம் முதல் வாக்கியம் என்ன என்று தயார் செய்து வைத்திருந்தார்.

"ஹலோ." ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

தயார் செய்தது எல்லாம் போய்விட்டது.

"ராகவேந்திரா இருக்காராம்மா?"

"அப்பா குளிச்சிட்டிருக்கார். நீங்க யாரு?"

"ஹர்ஷாவா பேசறது?"

"ஆமா. நீங்க யாரு?"

பேருந்து நகர்ந்து, அதன் இரைச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

"நான் உங்கம்மாவோட அப்பா."

"அவர் இங்க ஹால்ல டிவி பாத்துட்டிருக்காரே" என்றாள். கேலி இல்லை. வழி தவறி வந்தவருக்குச் சொல்கிற மரியாதைதான் இருந்தது.

'ராங் நம்பர்மா, மன்னிச்சுக்கோ' என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். குழந்தை மறந்துவிடும். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். அந்த வாக்கியம் முழுசாக நாக்கில் வந்து நின்றது.

"மிருதுளாவோட அப்பா" என்றார்.

இணைப்பு அறுபடவில்லை. குழந்தை மூச்சு விடுவது கேட்டது. தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

பிறகு அவள் போனைப் பொத்தாமலே, உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"அப்பா, சீக்கிரம் வா. மிருதுளாம்மாவோட அப்பா லைன்ல இருக்கார்."

எங்கோ ஒரு குழாய் நின்றது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.